பாடவேளைகளின் எல்லைகளைத் தாண்டி: தொடக்கப் பள்ளியில் குழந்தை உண்மையில் கற்பவை

தொடக்கப் பள்ளியின் கால அட்டவணையைப் பார்த்தால், குழந்தையின் நாள் மொழி, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், ஓவியம், இசை, உடற்கல்வி என்று தனித்தனியாக வகுக்கப்பட்டிருப்பது தெரியும். ஆசிரியர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கவும் பாடநூல்களை எழுதவும் தேர்வுகளை நடத்தவும் இந்தப் பிரிப்பு தேவைப்படுகிறது. ஆனால் இதனோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு மதிப்பீட்டை நான் ஏற்பதில்லை. மொழியும் கணக்கும்தான் படிப்பு, அறிவியலும் வரலாறும் அடுத்த படி, ஓவியமும் பாட்டும் விளையாட்டும் நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பெற்றோரிடம் மட்டுமன்றிப் பள்ளிகளிடமும் ஆழமாக இருக்கிறது. தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது ஓவிய வகுப்பு. அதற்கும் முன்பே விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கியிருப்பார். தொடக்க வகுப்புகளில் பல ஆண்டுகள் கற்பித்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: மற்றப் பாடங்களைக் குறைத்து மொழியையும் கணக்கையும் வளர்க்க முடியாது, ஏனெனில் அந்த இரண்டும் வளர்வதே மற்றப் பாடங்களுக்குள்தான்.

தொடக்கக் கல்வி என்பது பெரும்பாலான நாடுகளில் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தொடங்கி ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் நடப்பது. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு அது கட்டாயமாகவும் இலவசமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதைவிடக் குறைவாகவே பேசப்படும் 29-ஆவது பிரிவு, கல்வி எதற்காக என்று சொல்கிறது: குழந்தையின் ஆளுமையும் திறமைகளும் மன, உடல் ஆற்றல்களும் இயன்ற முழு அளவுக்கு வளர்வதற்காக. எழுத்தையும் எண்ணையும் மட்டும் கற்பித்து அந்த நோக்கத்தை நிறைவேற்ற முடியாது என்பது வெளிப்படை. ஆனால் நான் இங்கே உரிமையின் பெயரால் வாதாடப் போவதில்லை. எழுத்தும் எண்ணும் மட்டுமே போதும் என்று நினைப்பவர்களிடமும் பேசக்கூடிய ஒரு வாதத்தையே முன்வைக்கிறேன்.

வாசிப்பிலிருந்து தொடங்குகிறேன். முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தை எழுத்துகளை ஒலியாக மாற்றக் கற்கிறது. தமிழ்க் குழந்தைக்கு 247 எழுத்துகள் என்று கேட்கும்போது மலைப்பாக இருக்கலாம். ஆனால் 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து 216 உயிர்மெய்கள் பிறக்கும் முறை ஒருமுறை பிடிபட்டுவிட்டால், குழந்தை எழுத்துகளை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு அவற்றைக் கட்டமைக்கத் தொடங்கிவிடுகிறது. இந்தப் பகுதியைச் சரியாகக் கற்பிப்பதற்கு மாற்று எதுவும் இல்லை. ஒலியையும் எழுத்தையும் முறைப்படி இணைத்துக் காட்டாமல், படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்க வைப்பது வாசிப்பு ஆகாது. சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரு வாக்கியத்தைத் தங்குதடையின்றி வாசித்த குழந்தையிடம் அது என்ன சொல்கிறது என்று கேட்டால், வாக்கியத்தையே மறுபடியும் ஒப்பிக்கிறது. உடனே, வாசிப்புப் பயிற்சி போதவில்லை என்று முடிவு செய்து இன்னும் சில பயிற்சித் தாள்களைக் கொடுக்கிறோம்.

1986-இல் வாசிப்பு ஆய்வாளர்களான பிலிப் காஃப், வில்லியம் டன்மர் ஆகிய இருவரும் வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்தைப் படிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வரும் பலன் என்று விளக்கினார்கள். அவர்கள் கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் பொருள் இருக்கிறது: இரண்டில் ஒன்று சுழியமானால் விளைவும் சுழியமே. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1988-இல் வெளியான டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகியோரின் ஆய்வு இதில் இன்னொரு சுற்றை அவிழ்த்தது. நடுநிலை வகுப்பு மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியை வாசிக்கக் கொடுத்தபோது, வாசிப்புத் தேர்வில் பின்தங்கியிருந்தும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்தவர்கள், வாசிப்பில் முன்னணியில் இருந்தும் ஆட்டத்தை அறியாதவர்களைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதாவது 'வாசிப்புத் திறன்' என்று நாம் தனியாக அளந்து மதிப்பெண் போடுவதன் பெரும்பகுதி, வாசிக்கப்படும் பொருளைப் பற்றிய முன்னறிவு.

'கடல்நீர் ஆவியாகி மேலே சென்று குளிர்ந்து நுண்துளிகளாகி மேகமாகிறது' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதில் கடினமான எழுத்து எதுவும் இல்லை. ஆனால் தட்டில் ஊற்றிய நீர் வெயிலில் குறைந்துபோவதையும், குளிர்ந்த குவளையின் வெளிப்பக்கம் வியர்ப்பதையும் பார்த்து, அந்த நீர் குவளைக்குள்ளிருந்து கசிந்ததா அல்லது காற்றிலிருந்து வந்ததா என்று வாதிட்ட குழந்தைக்குத்தான் 'ஆவியாகி', 'குளிர்ந்து' என்ற இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள காரணத் தொடர்பு தெரியும். மற்றக் குழந்தைக்கு அவை அடுத்தடுத்து வரும் ஒலிகள். எனவே அந்த அறிவியல் பாடவேளையை எடுத்து மொழிக்குக் கொடுத்தவர், மொழியிலிருந்தே ஒரு பாடவேளையைப் பறித்திருக்கிறார்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஐரோப்பியக் கல்வியாளர் கொமேனியஸ் 1658-இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட படநூலில் இலத்தீன் கற்பிக்கத்தான் முனைந்தார். ஆனால் இலக்கண அட்டவணைகளைக் கொண்டு அல்ல. வானம், நெருப்பு, நீர், மரங்கள், விலங்குகள், தொழில்கள் என்று உலகத்தையே வரிசையாகப் படமாக வரைந்து, ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு, இலத்தீன் சொல்லையும் தாய்மொழிச் சொல்லையும் அருகருகே வைத்தார். பொருளைக் கற்காமல் சொல்லைக் கற்க முடியாது என்பது அவருடைய நிலைப்பாடு. பிரிட்டனில் 1975-இல் வெளியான புல்லக் குழுவின் அறிக்கை, மொழியை வளர்ப்பது எல்லாப் பாட ஆசிரியர்களின் பொறுப்பு என்று பரிந்துரைத்து, 'கலைத்திட்டம் (அதாவது பள்ளியின் முழுப் பாட ஏற்பாடு) முழுவதிலும் மொழி' என்ற கருத்தைப் பரவலாக்கியது. அந்தத் தொடரைப் பலரும், அறிவியல் குறிப்பேட்டிலும் எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டும் என்பதாக மட்டும் சுருக்கிக்கொண்டார்கள். அது மிகவும் குறுகிய பொருள்.

ஒவ்வொரு பாடமும் குழந்தைக்கு வேறு வேறு வகையான வாக்கியங்களைக் கொடுக்கிறது என்பதுதான் விரிவான பொருள். கதை சொல்லும்போது 'பிறகு', 'அப்போது' என்று தொடுத்துக்கொண்டே போகலாம். அறிவியலில் 'வெளிச்சம் இல்லாவிட்டால் செடி வெளிறிவிடும்' என்ற நிபந்தனை வாக்கியம் வேண்டும். 'ஏனெனில்', 'இருந்தபோதிலும்' என்ற இணைப்புகள் வேண்டும். வரலாற்றில் 'என்று எழுதியிருக்கிறார்', 'எனக் கருதலாம்' என்று உறுதியின் அளவை வேறுபடுத்திச் சொல்ல வேண்டும். கணக்கில் ஒப்பீட்டு வாக்கியங்கள் வேண்டும், அவற்றைக் குழந்தைகள் எவ்வளவு தடுமாறி வாசிக்கிறார்கள் என்பதை எந்தத் தொடக்கப் பள்ளி ஆசிரியரும் சொல்வார். 'அக்காவிடம் 8 மணிகள் உள்ளன. அது தம்பியிடம் உள்ளதைவிட 3 அதிகம். தம்பியிடம் எத்தனை?' என்று கேட்டால், வகுப்பில் கணிசமானோர் 11 என்று எழுதுவார்கள். 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் கூட்டிவிடுகிறார்கள். இவர்களுக்கு 8-இலிருந்து 3-ஐக் கழிக்கத் தெரியாமலில்லை; 'அது' எதைச் சுட்டுகிறது, யாரைவிட யாரிடம் அதிகம் என்று வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இந்தப் பிழையைக் கழித்தல் பயிற்சி தீர்க்காது. கூடவே சொல்லிவிடுகிறேன்: 'அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி' என்று சொற்பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டும் வழக்கத்தை உடனே நிறுத்திவிட வேண்டும், அது வாசிக்காமலே விடை எழுதக் குழந்தையைப் பழக்குகிறது.

கணக்குக்குள் வந்துவிட்டோம் என்பதால் அங்கே சற்று நிற்கலாம். தொடக்கப் பள்ளிக் கணக்கு என்றால் வாய்ப்பாடும் நான்கு செயல்களும் என்று பலர் எண்ணுகிறார்கள். வாய்ப்பாடு வேண்டும், 7 பெருக்கல் 8 எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் விரல் விடும் குழந்தைக்குப் பெரிய கணக்கைப் பற்றி யோசிக்க மனத்தில் இடம் மிஞ்சாது. ஆனால் இந்த வயதில் நிகழும் மிகப் பெரிய கற்றல் இடமதிப்பு. முந்நூற்று ஐந்து என்று சொல்லி எழுதச் சொன்னால், 300 எழுதி அதன் பக்கத்தில் 5 எழுதி 3005 ஆக்கும் குழந்தை, காதில் விழுந்ததை ஒழுங்காகவே எழுத்தாக்கியிருக்கிறது. அதற்கு இன்னும் தெரியாதது, எண்ணில் ஓர் இலக்கம் நிற்கும் இடமே அதன் மதிப்பைச் சொல்கிறது என்பதும், காலியான இடத்தைக் காத்து நிற்பதற்காகவே சுழியம் இருக்கிறது என்பதும்தான். பத்துக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி, பத்துக் கட்டுகளை நூறாகச் சேர்த்து, ஆணிமணிச்சட்டத்தில் கோத்து, படம் வரைந்து, அதன் பிறகே எண்குறியீட்டுக்கு வரும் வகுப்பில் இந்தப் பிழை தானாக மறைகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் செயல், உருவம், குறியீடு என்று மூன்று நிலைகளாகப் பிரித்துச் சொன்னது இந்த வரிசையைத்தான்.

இதே போல், 8 + 4 = என்று எழுதி அடுத்து ஒரு காலிக் கட்டமும் அதன்பின் + 5 என்றும் எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொன்னால், பல குழந்தைகள் 12 என்று எழுதுவார்கள்; சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சமக்குறியை 'இரு பக்கமும் ஒரே மதிப்பு' என்று அவர்கள் படிப்பதில்லை. 'இனி விடையை எழுது' என்ற ஆணையாகப் படிக்கிறார்கள். இதைத் தொடக்க வகுப்பிலேயே சரிசெய்யாவிட்டால், இயற்கணிதம் வரும்போது சுவரில் மோதியது போல் நின்றுவிடுவார்கள். 0.3-ஐவிட 0.25 பெரிது, ஏனென்றால் 3-ஐவிட 25 பெரிது என்பவர்களும், மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரிது என்பவர்களும் முழு எண்களில் சரியாக இருந்த ஒரு விதியை அது செல்லாத இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இவற்றைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடிப்பது வீண்.

இப்போது கேள்வி இதுதான்: எண்கோடு என்ற கருத்தைக் குழந்தை எங்கே ஆழமாகக் கற்கிறது? கணக்கு நூலில் ஒரு பக்கம் இருக்கிறது. ஆனால் அளவுகோலால் செடியின் உயரத்தை அளக்கும்போது, வெப்பமானியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கும் திரவத்தைப் படிக்கும்போது, வரலாற்றில் காலக்கோடு வரையும்போது, வரைபடத்தில் 1 செ.மீ. என்பதை 1 மீட்டராகக் கொள்ளும்போது, நீளந்தாண்டலில் யார் எவ்வளவு தூரம் தாண்டினார் என்று குறிக்கும்போது, அந்த ஒரே கருத்து ஐந்து உடைகளில் வருகிறது. அளவுகோலைச் சுழியத்திலிருந்து வைக்காமல் 1-இலிருந்து வைத்து அளக்கும் குழந்தைக்கு அதன் தவறு கணக்கு வகுப்பில் தெரிவதில்லை, ஏனெனில் அங்கே விடை தவறினால் ஒரு மதிப்பெண்தான் போகும். அறிவியல் வகுப்பில் தன் செடி ஒரே இரவில் ஒரு செ.மீ. சுருங்கிவிட்டதாகப் பதிவேடு சொல்லும்போது, யாரும் சொல்லாமலே அது அளவுகோலைத் திருப்பிப் பார்க்கிறது.

அறிவியலைப் பற்றி நான் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குழந்தை வெறுங்கையோடு அறிவியல் வகுப்புக்கு வருவதில்லை. உலகம் எப்படி இயங்குகிறது என்பதற்கு அதனிடம் ஏற்கெனவே விளக்கங்கள் இருக்கின்றன, அவற்றில் பல தவறானவை, ஆனால் எல்லாம் காரணத்தோடு கூடியவை. கம்பளி சூட்டைத் தரும் என்று எல்லாக் குழந்தைகளும் நம்புகிறார்கள். அப்படியானால் ஒரு பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றியும் இன்னொன்றைத் திறந்தும் வைத்தால் எது முதலில் உருகும் என்று கேளுங்கள். சுற்றி வைத்ததுதான் என்று கைகள் உயரும். திறந்திருந்தது உருகி நீராகிய பிறகும் சுற்றியது கட்டியாகவே இருப்பதைப் பார்க்கும் வகுப்பில் எழும் வாதம், வெப்பக் கடத்தல் பற்றிய வரையறையை எழுதிப் போடும் வகுப்பில் எழுவதில்லை.

ஸ்டெல்லா வோஸ்னியாடூ, வில்லியம் புரூவர் ஆகிய இரு உளவியல் ஆய்வாளர்களும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்கு மிகவும் பிடித்தது. பூமி உருண்டை என்று சரியாகச் சொன்ன தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் தொடர்ந்து கேள்விகள் கேட்டபோது, சிலருடைய மனத்தில் அது உள்ளே தட்டையான தரை கொண்ட குடைவான கோளமாக இருந்தது. மக்கள் அந்தத் தரையில், கோளத்துக்குள் வாழ்ந்தார்கள். சிலருடைய மனத்தில் இரண்டு பூமிகள் இருந்தன: நாம் நிற்பது தட்டையானது, வானத்தில் இருப்பது உருண்டை. ஆசிரியர் சொன்னதையும் கண் சொல்வதையும் ஒருசேரக் காப்பாற்ற அவர்கள் கண்ட வழி அது. 'பூமியின் வடிவம் என்ன?' என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு இவர்கள் எல்லோரும் முழு மதிப்பெண் பெற்றிருப்பார்கள்.

தாவரங்கள் உணவை எங்கிருந்து பெறுகின்றன என்பதும் அப்படிப்பட்ட இடம். மண்ணிலிருந்து என்று குழந்தைகள் சொல்வார்கள், பெரியவர்களும்தான். 17-ஆம் நூற்றாண்டு வேதியியலாளர் யான் வான் ஹெல்மோன்ட் செய்த சோதனையை மேல் வகுப்புக் குழந்தைகளிடம் சொல்வதுண்டு. அது அவர் இறந்த பிறகு 1648-இல் அச்சில் வெளிவந்தது. உலர்த்தி எடை போட்ட 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். மரம் சுமார் 169 பவுண்டாக வளர்ந்திருந்தது. மண் குறைந்ததோ ஏறத்தாழ இரண்டு அவுன்ஸ்தான். ஆக மரம் மண்ணைத் தின்று வளரவில்லை. மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார், அது தவறு; காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. கவனமாக அளந்தவரும் தவறான முடிவுக்கு வரலாம் என்பதையும், எதை அளக்க மறந்தார் என்று தேடுவதே அடுத்த கேள்வி என்பதையும் பத்து வயதில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரியாது. இந்த ஒரு கதையில் எடைகளின் கழித்தல் இருக்கிறது, கால வரிசை இருக்கிறது, 'ஆகவே' என்ற சொல்லின் கனம் இருக்கிறது. இதை எந்தப் பாடவேளையில் சேர்ப்பது என்று கால அட்டவணையிடம் கேட்டால் அதற்குப் பதில் தெரியாது.

வரலாற்றிலும் புவியியலிலும் இந்த வயதுக்கு உரியது சிறிதளவே, ஆனால் அடிப்படையானது. சிறு குழந்தைக்குக் கடந்த காலம் முழுவதும் 'முன்னொரு காலம்' என்ற ஒரே கொத்து. தாத்தாவின் இளமையும் கற்காலமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆண்டுகளை மனப்பாடம் செய்வதற்கு முன் எது முன், எது பின், இடையில் எத்தனை தலைமுறை என்ற வரிசை உணர்வு வர வேண்டும். அத்துடன், இது நமக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியும் வர வேண்டும். வரைபடத்துக்கு, நின்ற இடத்திலிருந்து பார்ப்பதை விட்டு மேலிருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்யும் திறன் வேண்டும். தன் வகுப்பறையை மேலிருந்து வரையச் சொன்னால் மேசைக்கு நான்கு கால்களையும் வரைந்துவிடும் குழந்தை, நாட்டு வரைபடத்தில் நகரங்களைக் குறிப்பதால் புவியியல் கற்றுவிடாது.

ஓவியத்தை நான் கலைக்காகவும் ஆதரிக்கிறேன், கவனிப்புக்காகவும் ஆதரிக்கிறேன். இலை என்றால் எல்லோரும் ஒரே பச்சை வடிவத்தை வரைவார்கள். கையில் ஓர் இலையைக் கொடுத்து, அதையே பார்த்து, நரம்புகள் எங்கே கிளைக்கின்றன, விளிம்பு நேராக இருக்கிறதா, பல் பல்லாக இருக்கிறதா என்று பார்த்து வரையச் சொன்னால், அறிந்ததாக நினைத்ததற்கும் கண் முன் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு வெளிப்படும். ஆசிரியர் வரைந்து கொடுத்த கோட்டுருவத்துக்கு வண்ணம் தீட்டுவது இதில் எதையும் செய்யாது. இசையைப் பொறுத்தவரை, பாட்டுக் கற்றால் கணக்கு மதிப்பெண் கூடும் என்று சிலர் சொல்லி இசைக்கு ஆதரவு தேடுகிறார்கள். எனக்கு அந்த வாதம் பிடிப்பதில்லை. தாளத்தை விடாமல் பிடிப்பதும், பிறர் குரலோடு தன் குரலைச் சேர்ப்பதும் தம்மளவிலேயே கற்க வேண்டியவை, அவற்றுக்குக் கணக்கின் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல் ஆகியவையும் தாமாக வந்துவிடுவன அல்ல. பந்தைப் பிடிக்கக் கற்காத குழந்தை பின்னாளில் எந்தக் குழு விளையாட்டிலும் ஓரத்தில் நின்றுவிடும்.

கணினியைப் பற்றி ஒரே ஓர் எடுத்துக்காட்டு. சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய குழுவினரும் 1967-இல் உருவாக்கிய லோகோ என்ற கணினி நிரல் மொழியில், திரையில் கோடு வரைந்தபடி நகரும் ஆமைக்கு 'முன்னே போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு' என்று நான்கு முறை சொன்னால் சதுரம் வரும். சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால், அதன் கோணம் 60 பாகை என்று படித்த குழந்தை 60 என்று கொடுக்கும். ஆமை வேறு எங்கோ போய்விடும். தானே எழுந்து ஆமையைப் போல் நடந்து பார்த்துத்தான், திரும்ப வேண்டிய கோணம் 120 பாகை என்று கண்டுபிடிக்கும். வடிவியல், உடல் அசைவு, கட்டளை எழுதுதல், பிழை திருத்தல் ஆகிய நான்கும் அங்கே ஒரே செயல். கைபேசியில் வினாவிடை விளையாட்டுத் தட்டிக்கொண்டிருப்பதைக் கணினிக் கல்வி என்பவர்கள் இதைச் சற்றே யோசிக்கலாம்.

இவ்வளவும் சொன்னதால், எல்லாப் பாடங்களையும் கலந்து ஒரே கருப்பொருளில் கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'வண்ணத்துப்பூச்சி வாரம்' என்று ஒன்றை வைத்து, கணக்கில் வண்ணத்துப்பூச்சிப் படங்களைக் கூட்டி, மொழியில் வண்ணத்துப்பூச்சிப் பாட்டுப் பாடி, ஓவியத்தில் வண்ணத்துப்பூச்சிக்கு வண்ணம் தீட்டி, கடைசி நாளில் அதன் முகமூடியுடன் படம் எடுத்து அனுப்பும் பள்ளிகள் உண்டு. அங்கே நான்காம் வகுப்புக் குழந்தை முதல் வகுப்புக் கூட்டலைச் செய்திருக்கும். பாடங்கள் படத்தால் இணைந்திருக்கின்றனவே தவிரத் தேவையால் இணையவில்லை. அதே வண்ணத்துப்பூச்சியின் முட்டையிலிருந்து வெளிவந்த புழுவின் நீளத்தை நாள்தோறும் மில்லிமீட்டரில் அளந்து கோட்டு வரைபடம் போட்டு, எந்த நாளில் கோடு படுத்துவிட்டது, அப்போது புழு என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதச் சொன்னால், அங்கே கணக்கு இல்லாமல் அறிவியல் நகராது. மொழி இல்லாமல் இரண்டும் நகராது. இணைப்பு இயல்பானதா என்று சோதிக்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி எளியது: இந்த இடத்தில் அந்தப் பாடத்தை எடுத்துவிட்டால் வேலை நின்றுபோகுமா?

ஆண்டுகளுக்கு இடையிலான தொடர்பும் இப்படிப்பட்டதே. ஒரே கருத்துக்கு மீண்டும் மீண்டும் திரும்பி வந்து ஒவ்வொரு முறையும் ஆழப்படுத்தும் சுருள் கலைத்திட்டத்தைப் புரூனர் 1960-இல் முன்வைத்தார். இன்று பெரும்பாலான பாடத்திட்ட ஆவணங்கள் அந்தப் பெயரைச் சொல்கின்றன. நிழலை எடுத்துக்கொண்டால், முதல் வகுப்பில் தன் நிழலைத் தேடி மிதித்து விளையாடலாம். மூன்றாம் வகுப்பில் ஒரு குச்சியின் நிழலை மணிக்கு ஒருமுறை குறித்து அது எப்போது மிகக் குறுகியது என்று பார்க்கலாம். ஐந்தாம் வகுப்பில் அந்தக் குறிப்புகளையே கொண்டு சூரியன் நகர்கிறதா, பூமி சுழல்கிறதா என்று வாதிடலாம். ஆனால் நடைமுறையில் மூன்று வகுப்புகளின் நூல்களிலும் ஒரே படமும் 'ஒளி ஊடுருவாப் பொருள்' என்ற ஒரே வரையறையும் சற்று நீண்டு வருவதைக் காண்கிறோம். திரும்பச் சொல்வது சுருள் ஆகாது.

பெற்றோர்கள் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார்கள். 'இன்று என்ன படித்தாய்?' என்று கேட்டால் 'ஒன்றுமில்லை' என்றுதான் பதில் வரும். குழந்தை தன் நாளைப் பாடத்தலைப்புகளாக நினைவில் வைப்பதில்லை. 'நீ நினைத்ததற்கு மாறாக இன்று ஏதாவது நடந்ததா?' என்று கேட்டுப் பார்க்கலாம். குறிப்பேட்டைத் திறக்கும்போது, கரும்பலகையிலிருந்து பார்த்தெழுதியவை எவ்வளவு, குழந்தையின் சொந்த வாக்கியங்கள் எவ்வளவு என்று பார்க்கலாம். கணக்குக் குறிப்பேட்டைத் தவிர வேறு எந்தக் குறிப்பேட்டிலாவது ஓர் எண்ணோ அட்டவணையோ இருக்கிறதா, மொழிக் குறிப்பேட்டைத் தவிர வேறு எதிலாவது 'ஏனெனில்' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் இருக்கிறதா என்றும் தேடலாம். ஆசிரியர் சந்திப்பில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, இந்த ஆண்டு ஓவியத்துக்கும் அறிவியலுக்கும் ஒதுக்கிய பாடவேளைகள் உண்மையில் நடந்தனவா என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. நேரம் போதவில்லை, எதையாவது குறைக்கத்தான் வேண்டும் என்று பள்ளி சொன்னால், முதலில் குறைக்க வேண்டியது யாருக்கும் எதைப் பற்றியும் எதுவும் சொல்லாத பத்திகளைக் கொடுத்து 'மையக்கருத்தை எழுதுக' என்று கேட்கும் வாசிப்புப் பயிற்சித் தாள்களை.